பாலத்தில் தூக்கிய கால்கள்

போன மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து, நான் முன்பு வேலை பார்த்த ஊருக்குப் பஸ்ஸில் போனேன். திருச்சுழியைத் தாண்டி உள்ரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ஜன்னலை உரசிக்கொண்டே வந்தது. ஓடைப்பாலம் கண்ணில் பட்டதும், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கினார்கள். எனக்கு முன்சீட்டில் கைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்த பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு பாதங்களையும் எதிர்க்கம்பியில் வைத்துக்கொண்டாள். உரச்சாக்கின் மேல் ஒருவர் சம்மணம் போட்டார். பாலம் முடிந்ததும் எல்லாக் கால்களும் கீழே இறங்கின. எனக்கு அறுபத்து மூன்று வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்து போனவை. என் காலும் மேலேதான் இருந்தது. யாரும் சொல்லவில்லை, அதுவாகவே போய்விட்டது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் அந்த ஊரில் இப்போது ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அது தொடங்கிய காலை வேளையில் நான் அந்த பஸ்ஸுக்குள் இருந்தேன். ஒரு பெண்ணும் அவள் வயிற்றுப் பிள்ளையும் பிழைப்பார்களா மாட்டார்களா என்பது அந்தப் பாலத்தின் முனையில் நின்றது. காலைத் தூக்கச் சொன்னவர் டிரைவர் அண்ணன். அதற்கு முன்னால் அந்த ஊரில் இருந்த பழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான் என்பதுதான் இதில் வேடிக்கை.

நான் கிராம சுகாதார செவிலியராக அந்த ஊருக்குப் போனபோது எனக்குத் திருமணமாகி ஆறு வருடம். காரியாபட்டிப் பக்கம் பிறந்தவள், அருப்புக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் விடியற்காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்பிவிடுவேன். முதல் நாள் ஓடைப்பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். பஞ்சர் என்று நினைத்து நான் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் தோளைத் தட்டி, "இறங்குங்க நர்சம்மா, முனிக்கு ஆகாது" என்றார். பாலத்தின் ஓரத்தில் குங்குமம் அப்பிய ஒரு கல்லும், அதன் மேல் வேப்பங்கிளையில் ஒரு மணியும் இருந்தன. முனியசாமிக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்தபடி யாரும் போகக் கூடாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்ள வேண்டும். கண்டக்டரும் தோல்பையை இடுக்கிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார். மூட்டைக்கும் கோழிக்கும் மட்டும் விலக்கு உண்டு, அவை பஸ்ஸிலேயே வரலாம்.

நானும் நடந்தேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, நான்கு வருடம் நடந்தேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. படித்தவள், ஊசி போடுகிறவள், தாயத்தைக் கழற்றிவிட்டுத் தடுப்பூசி போடச் சொல்லி வீடு வீடாகச் சண்டை போட்டவள். ஆனால் பாலத்தில் என் வாய் திறக்கவில்லை. இப்போது யோசித்தால் காரணம் வெட்கப்படும்படி சின்னதாக இருக்கிறது. எல்லாரும் இறங்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள் என்பதுதான். அதோடு அந்த நடை பெரிய சிரமமும் இல்லை. காலைக் காற்றில் நாலு பேர் வீட்டுச் செய்தி காதில் விழும். சண்டை போட்டுக்கொண்ட ஓரகத்திகள் அந்தத் தூரத்துக்குள் ஒருவருக்கொருவர் வெற்றிலை கொடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நடந்தால் நஷ்டம் ஐந்து நிமிடம். நடக்காமல் போய் வீட்டில் ஒன்று ஆகிவிட்டால்? அந்தச் சோதனையைத் தன் பிள்ளைகுட்டியை வைத்து யார் செய்து பார்ப்பார்கள்? ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்குக் காரணம் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருப்பவரும் அப்படியே நினைத்துக்கொண்டார்.

ஒரு சித்திரை வெயிலில் அந்த ஐந்து நிமிடம் கசந்து போனது. ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தியை, ரத்தசோகைக்காக நான்தான் அருப்புக்கோட்டைக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்தின் பாதியில் என் கையைப் பிடித்தபடியே சரிந்து, கைப்பிடிச்சுவரில் நெற்றி மோதி விழுந்தாள். நான்கு தையல். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வீட்டார் என்னைத்தான் கும்பிட்டார்கள், நல்லவேளை நீங்கள் கூட இருந்தீர்கள் என்றார்கள். "நீ இறங்க வேண்டாம், உட்கார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் விழுந்திருக்கவே மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அன்று அந்தக் கும்பிடு என் மேல் முள்ளாகக் குத்தியது.

அதையெல்லாம் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவர் டிரைவர் அண்ணன். நெட்டையான ஆள், காதோரம் நரைத்தவர், ஹாரன் அடிக்கச் சோம்பல்படுகிறவர். குறுக்கே வரும் ஆட்டு மந்தை தானாக விலகும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். எத்தனையோ டிரைவர்கள் நல்ல ரோடுள்ள ரூட்டாகப் பார்த்துக் கேட்டு வாங்கிப் போனபோதும், இவர் அந்த முள்ளுக்காட்டு ரூட்டையே பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் மாலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட்டு ஒரு டீயைக் கையில் கொடுத்தார். தன் டீயைக் குடிக்காமல் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நர்சம்மா, அந்த முனி சமாச்சாரம் நாஞ்சொன்ன பொய்யி."

அவர் அந்த ரூட்டுக்குப் புதிதாக வந்த வருடம் ஐப்பசி மழையில் ஓடை பெருகிப் பழைய பாலத்தில் விரிசல் விட்டிருந்தது. ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத்தான் கடக்க வேண்டும் என்று உத்தரவு. இவர் சொன்னால் ஒருவரும் அசையவில்லை. அவசரமாக இருந்தால் நீ இறங்கி நட என்று கேலி செய்தார்களாம். கூட்டத்தோடு பாலம் உள்ளே போய்விடுமோ என்று தினமும் ஊர்ந்துதான் ஓட்டியிருக்கிறார். ஒரு காலையில் பொறுக்க முடியாமல் வண்டியை நிறுத்தி, ஓரத்தில் இருந்த கல்லைக் கும்பிட்டுவிட்டு, முனி குறுக்கே நிற்கிறார், உட்கார்ந்து போனால் ஆகாது என்று சொல்லிவிட்டார். அடுத்த நிமிடம் பஸ் காலி. ஒன்றரை வருடத்தில் புதுப்பாலம் வந்தது, லாரிகள் லோடோடு போயின. பஸ் பயணிகள் மட்டும் இறங்கி நடந்தார்கள்.

"இனிமே உக்காருங்க, பாலம் சரியாயிருச்சுன்னேன். பாலத்துக்குச் சரியாயிருச்சு, சாமிக்கு? அப்படின்னு கேக்குறாக. சரி, அது நாஞ்சொன்ன பொய்யின்னு ஒரு நா எல்லாருக்கும் முன்னாடி ஒத்துக்கிட்டேன். ஒரு பெரியவரு சிரிக்கிறாரு. ஏம்ப்பா, அன்னைக்கு உன் வாயில அந்தச் சொல்ல வச்சது யாருன்னு நெனைக்கிற, முனிதான்ங்குறாரு. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. நேற்று விழுந்த பெண்ணின் நெற்றியைப் பற்றிக் கேட்டார். தழும்பு தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டார். இவ்வளவு வருடமாக ஆட்களை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய் தன் கண் முன்னால் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இனி நான் சொல்லப் போவது அதற்கு அடுத்த வருடம் நடந்தது. கீழத்தெருவில் ஆடு வளர்க்கும் குடும்பத்தின் மருமகளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, அவளை நடக்க விடக் கூடாது என்று அருப்புக்கோட்டையில் டாக்டரம்மா என்னிடம் அழுத்திச் சொல்லியிருந்தார். நான் அதை அந்த வீட்டில் போகிற போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காலை பஸ்ஸை விட்டு நான் இறங்கும்போதே அவள் புருஷன் ஓடி வந்தான். போய்ப் பார்த்தால் பாய் ரத்தத்தில் நனைந்திருந்தது. நூற்றெட்டு வண்டியெல்லாம் அப்போது கிடையாது. ஊரில் இருந்த ஒரே வேன் பருத்தி லோடு ஏற்றிக்கொண்டு முந்தின நாளே போயிருந்தது. திரும்பிப் போக நின்ற அதே பஸ்தான் கதி. கயிற்றுக்கட்டிலோடு தூக்கி வந்தோம். பஸ் படி குறுகல், கட்டில் நுழையவில்லை. அவளை மட்டும் மடக்கித் தூக்கி உள்ளே ஏற்றியபோது ரத்தம் இன்னும் கூடியது. எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து நீள சீட்டில் படுக்க வைத்து, நான் கீழே தரையில் உட்கார்ந்து அவள் நாடியைப் பிடித்துக்கொண்டேன். நாடி ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவு வேகமாக ஓடக் கூடாது.

பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. பழக்கதோஷம், எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மாமியார் மருமகளின் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்து எழுப்பப் பார்த்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவள் எழுந்தால் இங்கேயே போய்விடுவாள் என்று கத்தினேன். நாலு பேராகத் தூக்கிக்கொண்டு கடக்கிறோம் என்று ஆண்கள் சொன்னார்கள். படியில் ஏற்றியபோது என்ன ஆனது என்று பார்த்தீர்களே, இன்னொரு தடவை இறக்கி ஏற்றினால் தாங்கமாட்டாள் என்றேன். மாமியார் கல்நெஞ்சக்காரி இல்லை. எட்டு மாதமும் அந்தப் பெண்ணைக் குனிய விடாமல் வைத்துப் பார்த்துக்கொண்டவர்.

"முனிய மீறிப் போயி எம்புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா நீங்க பதில் சொல்வீகளா, நர்சம்மா?"

மீறிப் போனாலும் அவள் பிழைப்பாள் என்று எந்த வாயால் உறுதி சொல்ல முடியும்? ஒருவேளை ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அது முனியின் கணக்கில் போகும், என் தலையிலும் விடியும், அதன் பிறகு அந்த ஊரில் எந்த வீட்டுக் கதவும் எனக்குத் திறக்காது. அந்த நேரத்திலும் இதையெல்லாம் நினைத்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

டிரைவர் அண்ணன் சீட்டிலிருந்து திரும்பி, "எம்புட்டு நேரம் இருக்கு?" என்று என்னைக் கேட்டார். நேரமே இல்லை என்றேன். அவர் இறங்கினார். யாரோடும் வாதம் செய்யவில்லை. நேராகக் கல்லுக்கு முன்னால் போய் மணியை அடித்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார். வெளியே நின்ற கூட்டம் அடங்கிவிட்டது. ஒரு சிட்டிகை திருநீற்றோடு வந்து அந்தப் பெண்ணின் நெற்றியில் பூசினார். பிறகு மாமியாரைப் பார்த்துச் சொன்னார்.

"உத்தரவு ஆயிருச்சு தாயி. காலு வண்டித் தரையில படாம இருந்தா இறங்கி நடந்த கணக்குத்தானாம். படுத்திருக்கிறவுகளுக்குக் காலு தரையில இல்லேல்ல? நீங்களும் பக்கத்துல உக்காந்து தூக்கிக்கிருங்க."

மாமியார் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு மருமகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சேலையைச் செருகி, இரண்டு காலையும் சீட்டின் மேல் ஏற்றிக்கொண்டார். வெளியே இருந்தவர்களையும் நடக்க விட்டால் நேரமாகும், எல்லாரும் ஏறுங்கள், காலைத் தூக்குங்கள் என்று டிரைவர் அண்ணன் சொன்னதும் மொத்தக் கூட்டமும் ஏறியது. இடம் கிடைக்காதவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். கண்டக்டர் ஸ்டெப்னி டயரின் மேல் குந்தினார். கனமான ஓர் அண்ணாச்சி பக்கத்தில் இருந்தவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார். தரையில் உட்கார்ந்திருந்த நானும் நாடியை விடாமல் எஞ்சின் பெட்டியின் மேல் காலைத் தூக்கி வைத்தேன். பஸ் பாலத்தில் ஏறியது.

தரையில் இருந்ததால் எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. டிரைவர் அண்ணனின் கால்கள். ஒன்று கிளட்சிலிருந்து அப்போதுதான் எடுத்து ஊன்றியது, இன்னொன்று ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த பஸ்ஸில் தரையில் இருந்த கால்கள் அவை இரண்டும்தான். அன்று மட்டுமா? கண்டக்டர்கூட நடந்த அத்தனை வருடமும், தினமும் பஸ் எத்தனை நடை போனதோ அத்தனை தடவையும், இந்த மனிதர் உட்கார்ந்தபடியேதான் முனியைக் கடந்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்னூறு வீடு இருக்கிற ஊர். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நான்கு வருடமாக என் கண்ணிலும் படவில்லை.

அருப்புக்கோட்டையில் அவர் பஸ் ஸ்டாண்டுக்குள் போகவே இல்லை, வண்டியை நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு போய் நிறுத்தினார். கண்டக்டரும், மடியில் உட்கார்ந்த அந்த அண்ணாச்சியும் ரத்தம் கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வரும்வரை மாமியார் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவர் பக்கம் திரும்பவில்லை. பெண் குழந்தை, எடை குறைவு, தாய்க்கும் பிள்ளைக்கும் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்தத் தடவை அது குத்தவில்லை. நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்டதுபோல் இருந்தது எனக்கு. அழுதேன், நன்றாக அழுதேன்.

டிரைவர் அண்ணன் மதிய நடையை முடித்துவிட்டு ஓடி வந்தார். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கண்ணே என்றதும் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். மணியடித்துவிட்டு என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன். "மன்னிச்சிருங்கன்னு கேட்டேன். வேற என்னத்தக் கேக்க?" என்றார். உங்கள் காலைப் பார்த்தேன் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"அத இதுவரைக்கும் யாரும் கேக்கலையே, நர்சம்மா."

மறுநாள் பாலத்துக்கு முன்னால் அவர் வண்டியை நிறுத்தினார். யாரும் இறங்கவில்லை. எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டு, எதற்கு நிறுத்தினாய் என்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும், இந்த வழியை முனி முன்னமே சொல்லியிருந்தால் தன் முழங்கால் பிழைத்திருக்கும் என்று குறைபட்டுக்கொண்டார். இரண்டாவதாக ஒன்றை ஆரம்பித்து வைத்துவிட்டேனே என்று டிரைவர் அண்ணன் என்னிடம் சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார். விடுங்கண்ணே, காலைத் தூக்குவதில் யாரும் மயங்கி விழப்போவதில்லை என்று நான்தான் தேற்றினேன். மனதார அப்படித்தான் நினைத்தேன். வெயிலில் நடந்த கர்ப்பிணிகள் உட்கார்ந்து வரத் தொடங்கினார்கள், எனக்கு அது போதும். அதற்கு மேல் உண்மையைச் சொல்லி ஊரைத் திருத்த வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தைரியம் இல்லை. அவர் ஓய்வு பெற்று, சில வருடம் பேரப்பிள்ளைகளோடு இருந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் வேறு ஊர்களுக்கு மாறிக் கடைசியில் வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் நான் போனது அன்று பிறந்த அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். அவள் அம்மா போன் போட்டு, நீங்கள் வந்து ஒரு பார்வை பார்த்தால் எனக்கு நிம்மதி என்றாள். போய்ப் பார்த்தேன். ரத்தம் நன்றாக இருக்கிறது, கால் வீக்கம் இல்லை, ஸ்கேனில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கொல்லையில் வளர்ந்த முருங்கைக்கீரையை ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார்கள்.

திரும்பும்போது மாலைப் பஸ். எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாவும், கழுத்தில் கல்லூரி அட்டை தொங்கிய அவர் மகளும் உட்கார்ந்தார்கள். பாலம் வந்தது. கால்கள் மேலே போயின. அம்மாவின் கால், என் கால், அந்தப் பெண்ணின் காலும்தான். ஆனால் அவள் கண் முன்னால் எங்கேயோ நிலைத்திருந்தது.

"ஏம்மா, டிரைவர் மட்டும் கால தூக்கவே இல்ல?"

அவரு வண்டி ஓட்டணும்ல என்றார் அம்மா. அப்ப அவருக்கு ஒன்னும் ஆகாதா, இத்தன வருசமா ஆகலையா என்றாள் பெண். முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, கழுத்தை நீட்டி டிரைவரின் காலைப் பார்த்தார்கள். யாரும் அவளை அதட்டவில்லை.

டிரைவர் அண்ணன் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று எனக்கு இருந்தது. முருங்கைக்கீரைப் பையை நகர்த்திவிட்டு, இரண்டு காலையும் மெதுவாகக் கீழே இறக்கித் தரையில் ஊன்றினேன். பஸ் அப்போது பாலத்தின் நடுவில்தான் இருந்தது.